அழகுராஜாவின் காப்பு

கால்பந்தில் லெஃப்ட் விங் ஆடுகிறவனை எல்லோரும் முகத்தைப் பார்த்து ரசிப்பார்கள். அவனுக்குப் பின்னால் லெஃப்ட் பேக் என்று ஒருத்தன் நிற்பான். அவனை யாரும் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை என்பதுதான் பொதுவான அபிப்பிராயம். நான் அந்த லெஃப்ட் பேக். பள்ளிக்கூடத்து டீமில் தொடங்கி ராஜபாளையம் ஊர் டீம் வரைக்கும் அழகுராஜாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஆடியவன். அவனைப் பற்றி ஊரில் யார் வேண்டுமானாலும் பேசலாம். அவன் முதுகைப் பற்றிப் பேச எனக்கு மட்டும்தான் தகுதி உண்டு.

அந்த முதுகில் ஒரு சங்கதி இருந்தது. பந்து காலுக்கு வந்ததும் இடது தோள் கொஞ்சம் இறங்கும். பஸ்ஸை விட்டு இறங்கப் போகிறவன் பையை எடுக்கத் தோளைச் சாய்ப்பானே, அந்த அளவுக்குத்தான். அடுத்த நொடி ஆள் அங்கே இருக்க மாட்டான். எதிரணி ரைட் பேக் புழுதியைப் பார்த்துக்கொண்டு நிற்பான். தோள் இறங்கினால் போய்விடுவான், இறங்கிவிட்டுப் போகாமல் இருந்ததே கிடையாது. எனக்குப் பந்தைத் திருப்பிக் கொடுத்ததும் கிடையாது. நான் கோட்டை ஒட்டி மூச்சிரைக்க ஓடிவந்து பந்து கேட்டுக் கத்துவேன். கத்தியது எனக்கு மட்டும்தான் கேட்கும். அதில் எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

அவனுக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அப்பா பட்டாளத்துக்காரர், இவன் கைப்பிள்ளையாக இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மா சண்முகத்தாய் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிற வேலை பார்த்தாள். காலையில் தாயும் மகனும் ஒரே டவுன் பஸ்ஸில் வருவார்கள். அவள் கம்பெனிக்குப் போவாள், இவன் பள்ளிக்கூடத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போவான். அவளுக்கு அது தெரியும். பள்ளிக்கூடத்தில் விசாரித்தால் உறுதியாகிவிடும் என்பதால் விசாரிக்காமலே இருந்தாள்.

பிறகு அவன் பெரிய ஆளாகிவிட்டான். பெரிய ஆள் என்று நான்தான் சொல்கிறேன், ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. சென்னையில் கல்லூரி டீம், அங்கே லீக், பிறகு கேரளத்தில் ஒரு கிளப், கொல்கத்தாவில் ஒன்று, கோவாவில் ஒன்று. எல்லாம் இரண்டாம் டிவிஷன். ஊரில் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: டிவியில் எந்த சேனலில் வருவான்? எந்தச் சேனலிலும் வரவில்லை, யூடியூபில் வந்தான். அதனால் ஊர் அவனைக் கணக்கில் சேர்க்கவில்லை. நடுவில் போலீஸ் டீமில் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். பந்து ஆடினால் போதும், ஆட முடியாத வயதில் சும்மா ஸ்டேஷனில் உட்கார்ந்தாலும் சம்பளம் வரும். எங்கள் பக்கத்தில் காக்கிச் சட்டையை வேண்டாம் என்று சொன்னவனை யாரும் பார்த்ததில்லை. இவன் சொன்னான். கிளப்பில்தான் ஆடுவேன் என்றான். சொந்தக்காரர்கள் சண்முகத்தாயிடம் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

போன வருஷம் கோவாவில் ஆடும்போது கீழே விழுந்தான். யாரும் தட்டிவிடவில்லை, யாரும் பக்கத்திலேயே இல்லை. தனியாக ஓடிக்கொண்டிருந்தவன் இடது தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், பிறகு சாய்ந்தான். சண்முகத்தாய் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் போனில் அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட வேலை செய்கிற பெண்களும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போவதை எல்லோரும் பார்த்தார்கள். சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு அவள் கிழக்கே பார்த்து எழுந்து நின்று ஸ்ரீவில்லிபுத்தூர் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள் என்று அவர்களில் ஒருத்தியான காளீஸ்வரி அக்கா சொன்னாள். மகன் பழையபடி ஆட வந்தால் பூக்குழி இறங்கித் தீ மிதிப்பான் என்று நேர்ந்ததாக ஊரில் பேசிக்கொண்டார்கள்.

கிளப் அவனை விட்டுவிட்டது. கொச்சியில் ஒரு டாக்டரிடம் கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டு ஊருக்கு வந்து சேர்ந்தான். விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி மெதுவாக ஓடினான். கால் எப்படி இருக்கிறது என்று அம்மா தினமும் கேட்டாள். தை மாதத்தில் ஒருநாள், சரியாகிவிட்டது என்றான். அப்படியானால் பங்குனியில் நேர்ச்சையைச் செலுத்திவிடலாம் என்றாள் அவள். அவனும் தலையை ஆட்டினான். அவனுக்கு அப்போது முப்பது வயது, எந்தக் கிளப்பும் கூப்பிடவில்லை. வேறு வேலையும் இல்லை.

பங்குனியில் மாரியம்மன் கோவிலில் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் கிழங்குத் துண்டு வைத்து முடிந்த கயிறு, வலது மணிக்கட்டில். கட்டிவிட்டால் பூக்குழி இறங்கும் வரை சில ஒழுங்குகள் உண்டு. ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, காலில் செருப்பு கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக் கூடாது. காப்புக் கட்டியவன் எவ்வளவு பெரிய வேலையாக இருந்தாலும் பொழுது சாய்வதற்குள் ஊருக்குள் வந்து சேர வேண்டும். கலெக்டரே கூப்பிட்டாலும் இதுதான் சட்டம்.

கலெக்டர் கூப்பிடவில்லை. கிளப்புகளுக்கு ஆள் பிடித்துத் தருகிற ஏஜென்ட் கூப்பிட்டார். காப்புக் கட்டி நாலைந்து நாள் ஆகியிருக்கும். புனலூர்ப் பக்கம் ஒரு கிளப், லெஃப்ட் விங்கில் ஆடுகிறவனுக்கு முட்டி போய்விட்டது, மீதி சீசனுக்கு அவசரமாக ஆள் வேண்டும். நாளை மறுநாள் காலையில் ஒரு கல்லூரி டீமோடு பயிற்சி ஆட்டம், அதில் ஆடிக் காட்டினால் அங்கேயே கையெழுத்து. ஒரு வருஷமாக அழகுராஜா காத்துக்கொண்டிருந்த போன் அது. அவன் என்னிடம் வந்து சொன்னபோது முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். காப்புக் கவலை என்று நினைத்தேன்.

நான் அவனைத் தேற்றினேன். புனலூர் என்ன அமெரிக்காவா? செங்கோட்டை தாண்டி மலையில் ஏறி இறங்கினால் புனலூர். விடிவதற்குள் கிளம்பினால் ஆட்டத்துக்குப் போய்விடலாம், சாயங்காலம் ஊருக்குத் திரும்பிவிடலாம். என்னிடம் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி இருக்கிறது. ராஜபாளையத்துப் பேண்டேஜ் துணியை ஊர் ஊராக மருந்துக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவதுதான் என் தொழில். புனலூரிலும் இரண்டு கடை உண்டு. அவனைச் சாக்காக வைத்து லோடையும் இறக்கிவிடலாம் என்று எனக்கு ஒரு எண்ணம்.

மிச்சம் இருந்தது பூட்ஸ். செருப்புப் போடக் கூடாது என்றால் பூட்ஸ் அதில் சேருமா, சேராதா? செத்த நேரம் இரண்டு பேரும் வாதாடினோம். கடைசியில் பூசாரி சோலைச்சாமியிடமே போய்க் கேட்டேன். மாட்டுத் தோலா என்று கேட்டார். இல்லை, பிளாஸ்டிக் மாதிரி ஒன்று என்றேன். அப்படியென்றால் போட்டுக்கொள்ளட்டும், மைதானத்தை விட்டு இறங்கியதும் கழற்றிவிடட்டும் என்றார். பூசாரிகள் கறாரானவர்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். சோலைச்சாமி வக்கீலுக்குப் படிக்க வேண்டியவர்.

சண்முகத்தாய் திருநீறு பூசிவிட்டு வழியனுப்பினாள். சீக்கிரம் வந்துவிடு என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை. வண்டியில் அவன் வெறுங்காலோடு உட்கார்ந்து வந்தான். ஆரியங்காவு தாண்டும்போதுதான் அடுத்த சிக்கல் எனக்கு உறைத்தது. கையில் கயிறு, வளையம், மோதிரம் எதுவும் இருந்தால் ரெஃப்ரி உள்ளே விட மாட்டார். ஊர் டீமிலேயே தாயத்தைக் கழற்றச் சொல்லிச் சண்டை நடந்திருக்கிறது.

வண்டி நிறையப் பேண்டேஜ் இருக்கும்போது எங்கள் ஊர்க்காரனுக்கு வேறு என்ன யோசனை வரும்? ஒரு ரோலைப் பிரித்துக் காப்பின் மேல் சுற்றினோம். சுளுக்கு என்று சொல்லிவிடலாம் என்பது திட்டம். மஞ்சள் கிழங்கு துருத்திக்கொண்டு நின்றது. அதை மறைக்க இன்னொரு சுற்று, பிறகு அந்தச் சுற்றை மறைக்க இன்னொன்று. கடைசியில் மணிக்கட்டு ரொட்டிப் பாக்கெட் மாதிரி ஆகிவிட்டது. ஊரில் நாங்கள் சாதாரண வெட்டுக்காயத்துக்கே இப்படித்தான் சுற்றுவோம், அதனால் எங்கள் கண்ணுக்கு அது தப்பாகத் தெரியவில்லை.

மைதானத்தில் கிளப்பின் பிசியோ அதைப் பார்த்ததும் முகம் சுளித்தார். சுளுக்குதான், கைதானே, காலில்லையே என்று சமாளித்தோம். ரெஃப்ரியும் துணிதானே என்று விட்டுவிட்டார். பாதி ஆட்டம் ஆடட்டும், இடைவேளையில் அவிழ்த்துப் பார்க்கிறேன் என்றார் பிசியோ.

நான் இடது பக்கக் கோட்டை ஒட்டி, லெஃப்ட் பேக் நிற்கிற இடத்துக்கு நேராக, வெளியே நின்றுகொண்டேன். பழக்கம். அங்கிருந்துதான் எனக்கு ஆட்டம் புரியும்.

முதல் பந்து வந்தது. காலில் அணைத்து நிறுத்தினான், அதில் குறையே சொல்ல முடியாது. இடது தோள் இறங்கியது. என் உடம்பு தன்னால் முன்னே சாய்ந்தது. அவன் போகவில்லை. பந்தைத் திருப்பி லெஃப்ட் பேக்குக்குக் கொடுத்தான்.

யாரோ ஒரு மலையாளத்துப் பையனுக்கு. எனக்கு ஒரு தடவைகூடக் கொடுக்காததை அவனுக்குக் கொடுத்தான். அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. இரண்டாவது பந்திலும் அப்படித்தான். தோள் இறங்கியது, கால் போகவில்லை, பந்து பின்னால் வந்தது. மூன்றாவது முறை மைதானத்தின் நடுப்பக்கம் தட்டிவிட்டான். ஒரு தடவை நின்ற இடத்திலிருந்தே கிராஸ் போட்டான், நடுவில் நின்றவன் தலையில் வாங்கி கோல் அடித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். கோச்சுக்கு ரொம்பத் திருப்தி, பந்தை வீணாக்காமல் நிதானமாக ஆடுகிறான் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். விங்கரை நிதானம் என்று புகழ்வது மாப்பிள்ளையை நல்ல தூக்கம் தூங்குவார் என்று புகழ்வது மாதிரி.

இடைவேளையில் பிசியோ வந்து கட்டை அழுத்திப் பார்த்தார். மஞ்சள் கிழங்கு கையில் தட்டுப்பட்டது. எலும்பு முறிந்து வெளியே துருத்துகிறது என்று நினைத்துப் பதறிவிட்டார். முறிந்த கையோடு இவ்வளவு நேரம் ஆடவிட்டோமே என்று கத்தரியை எடுத்துவரச் சொன்னார். அவிழ்க்க அவிழ்க்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில் மஞ்சளும் வியர்வையும் ஊறிய கயிறு வெளியே வந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரெஃப்ரி சிரிக்கவில்லை, அதைக் கழற்றாமல் உள்ளே விட மாட்டேன் என்றார்.

கோச் அழகுராஜாவின் தோளில் கையைப் போட்டு ஓரமாகக் கூட்டிவந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். இரண்டாம் பாதியில் தன்னுடைய முதல் டீம் ரைட் பேக்கை இவனுக்கு எதிரே போடப்போவதாகச் சொன்னார். பந்தை வைத்திருக்கத் தெரிகிறது, கிராஸ் போடத் தெரிகிறது, ஓடுவதை மட்டும்தான் இன்னும் பார்க்கவில்லை, அதைப் பார்த்துவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார். கயிற்றைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்.

நான் சும்மா நிற்கவில்லை. தள்ளிப்போய்ப் பூசாரி சோலைச்சாமிக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டார், கொஞ்சம் யோசித்தார். காப்பு உடம்பை விட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான், கையிலிருந்து எடுத்து அரைஞாணில் கட்டிக்கொள்ளட்டும், ஆடி முடித்ததும் திரும்பக் கையில் ஏற்றிக்கொள்ளட்டும், ஆத்தா ஒன்றும் சொல்ல மாட்டாள் என்றார். அரைஞாண் கயிறு டவுசருக்குள்ளே இருக்கிறது, எந்த ரெஃப்ரி அங்கே தேடப்போகிறார்? நான் ஓடிவந்து அழகுராஜாவின் காதில் சொன்னேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. வேண்டாம் என்றான். பிறகு கோச்சைப் பார்த்து மலையாளத்தில், இது சாமிக்குக் கட்டியது, கழற்ற மாட்டேன் என்று சொன்னான்.

கோச் வருஷா வருஷம் சபரிமலைக்கு மாலை போடுகிறவராம். மாலை போட்டவனிடம் மாலையைக் கழற்றச் சொல்லக் கூடாது என்று தனக்குத் தெரியும் என்றார். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு. இவன் கையைப் பிடித்துக் குலுக்கி அனுப்பிவைத்தார். எங்களுக்கு டீயும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தார்கள். அழகுராஜா ஒருவேளைச் சாப்பாட்டுக்காரன் என்பதால் அவன் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

தென்மலை வரை பொறுத்துக்கொண்டிருந்தேன். மலையில் வண்டி முக்கிக்கொண்டு ஏறியது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"தோளு எறங்குச்சு. ஏன்லே போகல?" என்றேன்.

"காப்பு மாப்ள."

"காப்பு கையிலதான கட்டியிருக்கு. காலுக்கு என்ன?"

அவன் வெறுங்காலை ஒன்றின் மேல் ஒன்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு சொன்னான். கால் சரியாகவே இல்லை. நடந்தால் ஒன்றும் தெரியாது, மெதுவாக ஓடினாலும் தெரியாது. பாய்ந்து போகலாம் என்று அழுத்தினால் பின்தொடையில் யாரோ உள்ளிருந்து பிடித்து இழுக்கிறார்கள். இனி இவ்வளவுதான் என்று கொச்சி டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். தோள் மட்டும் பழைய ஞாபகத்தில் இறங்குகிறது. ஊருக்கு வந்ததும் அம்மா கால் எப்படி, கால் எப்படி என்று தினமும் கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒருநாள் சரியாகிவிட்டது என்று சொன்னான். சொன்னதும் அவள் நேர்ச்சை என்றாள்.

"ஆறாத காலுக்கு நன்றி சொல்ல நெருப்புல எறங்கப்போறேன். பொய் சொல்லிட்டு எறங்குனா சுட்டுருமாம்லே" என்றான்.

அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு என்றேன். காப்புக் கட்டியவளுக்குச் சமானம் அவளும், நோன்பும் விரதமுமாக இருக்கிறாள், பூக்குழி முடியட்டும் என்றான். இது நியாயமா, பயமா என்று எனக்குத் தெரியவில்லை. பயம் என்றே வைத்துக்கொண்டேன். ஆனால் அந்த மலைப்பாதையில் அவனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. எத்தனையோ வருஷமாக எவனுக்கும் எட்டாமல் ஓடியவன், என் குட்டியானையில் கயிற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வந்தான்.

பொழுது சாய்வதற்குள் ஊருக்கு வந்துவிட்டோம். எங்களுக்கு முன்னால் சேதி வந்துவிட்டது. ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் போட்டாரோ, கோச் போட்டாரோ தெரியாது. காப்பைக் கழற்றச் சொன்னதால் கிளப்பையே உதறிவிட்டு வந்தவன் என்று ஊர் முழுக்கப் பேச்சு. இத்தனை வருஷம் எந்தச் சேனல் என்று கேட்டவர்கள் இப்போது வீட்டு வாசலுக்கு வந்து கும்பிட்டார்கள். கோவிலுக்குப் போகிற வழியில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். 'அன்னைக்காக ஆட்டத்தைத் துறந்த எங்கள் தங்கம்' என்று எழுதி, கோவா சட்டையில் அவன் பாய்ந்து ஓடுகிற படம். கீழே காசு போட்டவர்களின் படங்கள், அவனுடையதைவிடப் பெரிதாக. கோல் அடித்தபோது வைக்காத ஃபிளெக்ஸை ஆடாமல் வந்ததற்கு வைத்தார்கள். அவன் அந்தத் தெருவை விட்டுச் சுற்றிப் போனான். பூசாரி சோலைச்சாமி அரைஞாண் யோசனையைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. என்னை மட்டும் ஒரு பார்வை பார்த்தார்.

பூக்குழி அன்று கூட்டம் தாங்கவில்லை. நான் குழியின் இந்தப் பக்கம், ஆட்கள் இறங்குகிற இடத்துக்குப் பின்னால் நின்றேன். சண்முகத்தாய் அந்தக் கரையில், ஏறி வருகிற இடத்தில், கையில் சொம்போடு நின்றாள். மஞ்சள் உடுத்து, வேப்பிலையோடு வரிசையாக இறங்கினார்கள். எல்லோரும் ஓட்டமாகவே கடந்தார்கள், நெருப்பில் நின்று யார் பேசிக்கொண்டிருப்பார்கள். அழகுராஜாவின் முறை வந்தது. அவன் முதுகை மட்டும் பார்த்தேன். தோள் இறங்குமா என்று பார்த்தேன். இறங்கவில்லை. நடந்தான். நம் வீட்டு முற்றத்தில் நடக்கிற மாதிரி, ஒவ்வொரு அடியாக வைத்து, நெருப்பின் மேல் நடந்து போனான். பாய்வதற்குக் கால் இடம் கொடுக்காது என்பது எனக்குத் தெரியும். கூட்டத்துக்குத் தெரியாது. அவன் பக்தியைப் பார்த்துப் பெண்கள் குலவை போட்டார்கள். அவன் பொய்க்குப் பயந்தானோ இல்லையோ நான் பயந்தேன்.

அந்தக் கரையில் சண்முகத்தாய் அவன் காலில் தண்ணீர் ஊற்றினாள். குனிந்து இரண்டு பாதத்தையும் தூக்கிப் பார்த்தாள். ஒரு கொப்புளம் இல்லை.

காப்பை அவிழ்த்து நாலு நாள் கழித்து ஏஜென்ட் மறுபடியும் கூப்பிட்டார். கிளப் இன்னும் யாரையும் எடுக்கவில்லையாம். காப்புக்காரன் வந்தால்தான் ஆயிற்று என்று கோச் பிடிவாதமாக இருக்கிறாராம். திருவிழாதான் முடிந்துவிட்டதே, நாளைக்கே வரட்டும், ஓடுவதை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். அன்று ஞாயிற்றுக்கிழமை, நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினான், அதனால் சண்முகத்தாயும் கேட்டுவிட்டாள். எழுந்து உள்ளே போய் அவன் பையை எடுத்துவந்து துணிமணிகளை அடுக்க ஆரம்பித்தாள். பேண்டேஜ் துணி மடித்துப் பழகிய கை. சட்டைகளெல்லாம் ஒரே அளவில் மடிந்து உள்ளே போயின.

அழகுராஜா தன் மணிக்கட்டைப் பார்த்தான். கயிறு இருந்த இடத்தில் மஞ்சள் கறை மட்டும் இருந்தது. என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன், இதில் நான் உதவ முடியாது.

"அம்மா, அடுக்காத" என்றான்.

அவள் நிமிரவில்லை.

"கால் சரியாகலம்மா. சரியாயிருச்சுன்னு ஒங்கிட்டப் பொய் சொன்னேன். என்னால ஓட முடியாது. இனி ஆட்டம் இல்ல. அந்தப் பொய்யோடதான் நெருப்புல எறங்குனேன். ஒன் நேர்ச்சையக் கெடுத்துட்டேன்."

சண்முகத்தாய் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். பைக்குள் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நடக்கையில வலிக்கா?" என்று கேட்டாள்.

"நடக்கையில வலிக்கல."

"நெருப்புல நடக்கையில?"

"வலிக்கல."

"பொறவென்ன?" என்றாள். "அன்னைக்குப் போன்ல ஒன்னயத் தூக்கிட்டுப் போறாவ. எந்திரிப்பியா மாட்டியான்னு தெரியல. எம்புள்ளை எந்திரிச்சு நடந்தாப் போதும், அவன் காலால நடந்தே ஒன் குழியக் கடப்பான் தாயேன்னுதான் நேந்தேன். ஓடணும்னு நான் கேக்கவே இல்லையேய்யா."

ஊர் என்ன பேசியது, ஃபிளெக்ஸில் என்ன எழுதியது, நாங்கள் என்னவெல்லாம் நினைத்துக்கொண்டோம், எதுவும் அவளுடையது இல்லை. அவளிடம் யாரும் கேட்கவில்லை. கால் எப்படி என்று அவள் தினமும் கேட்டதற்கும் அவ்வளவுதான் அர்த்தம் போல. அழகுராஜா தரையில் உட்கார்ந்து, முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். எனக்கும் அழுகை வந்தது. எனக்கு அங்கே அழ உரிமை உண்டா என்று நான் யோசிக்கவில்லை.

அவள் பையிலிருந்து துணிகளை வெளியே எடுத்து வைத்தாள். அந்தக் கோச்சு காத்துக்கொண்டிருப்பார், நல்ல மனுஷன், அவருக்கு உள்ளதைச் சொல்லிவிடு என்றாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். எங்கள் முன்னால் பேச வேண்டாம் என்று நினைத்தானோ என்னவோ, வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றான். நம்பரைத் தேடினான். போனைக் காதில் வைத்தபோது இடது தோள் கொஞ்சம் இறங்கியது. அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். அவன் பேசத் தொடங்கினான்.